முட்டை வைக்காத ஈக்களும் ஒரு கையெழுத்தும்

கருப்பட்டிப் பாகு கொதிக்கும் வாசனைக்கு எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறும். எனக்கு வயிற்றைப் புரட்டும். தீபாவளிக்கு வீட்டில் முந்திரிக்கொத்து போடும் அன்று நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நான் சர்க்கரை நோய்க்குப் பயந்து நடிக்கிறேன் என்று என் மகள் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எம்.ஃபில். படித்தேன். என் ஆய்வுக்கு வாய்த்த பிராணி பழ ஈ. வாழைப்பழத் தோல் கறுத்ததும் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. ஆயிரக்கணக்கில் அதை பாட்டிலில் வளர்க்க வேண்டும், அதற்குச் சமைத்தும் போட வேண்டும். சோளமாவு, ராதாபுரம் பக்கத்துக் கருப்பட்டி, ஈஸ்ட், கெட்டிப்படுத்த அகர், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஓர் அமிலம். அந்த அமிலத்துக்கு மூன்று நாள் கழற்றாத காலுறையின் நாற்றம். எல்லாம் சேர்ந்து கொதிக்கும் வாடை தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீயக்காய் போட்டாலும் போகாது.

ஆஸ்பத்திரியில் வாங்கிய பழைய குளுக்கோஸ் பாட்டில்களில் அந்தக் களியை ஊற்றி, ஈக்களை விட்டு, பஞ்சால் வாயை அடைத்து வைப்போம். ஐந்தாறு நாளில் களி இளகிக் கூழாகிவிடும். வெள்ளைப் புழுக்கள் அதற்குள் தலையைப் புதைத்து, வாலை மட்டும் வெளியே நீட்டி நெளியும். பிறகு கண்ணாடிச் சுவரில் ஏறி, பழுப்பு நிறக் கூடாகி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாட்டிலைக் கழுவும்போது கூடுகள் விரல் நகத்துக்குள் போகும். சோறு பிசையும்போதெல்லாம் அது எனக்கு ஞாபகம் வரும். அந்த ஒரு வருடத்தில் நான் எட்டுக் கிலோ இளைத்தேன்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில். சுத்த சைவம். 'சுத்த' என்ற சொல்லை எங்கள் வீட்டில் அழுத்தித்தான் சொல்வார்கள். நிலமெல்லாம் தாத்தா காலத்திலேயே கைமாறிப்போய், அப்பா கோர்ட்டில் வேலை பார்த்தார். நிலம் போனாலும் அழுத்தம் போகவில்லை. நான் சாயங்காலம் பஸ் இறங்கி வந்தால் அம்மா வாசலிலேயே மறிப்பாள்.

"நடுவீட்டுக்குள்ள வராத. பின்னால போய் தலைக்கு ஊத்திட்டு வா. ஈயும் புழுவுமா வந்து நிக்கா பாரு."

அதோடு விடமாட்டாள். "அந்த மீன்காரி கிண்டுத மாவையா நீயும் தொடுத?" என்று கேட்பாள்.

மீன்காரி என்று அம்மா சொன்னது எங்கள் ஆய்வறையின் அக்காவை. அவர் மீன் விற்றவரே இல்லை. கடற்கரை ஊரில் பிறந்து, கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தவர். கிறிஸ்தவர். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை, வாரம் ஒருமுறை வருவார். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. ஈக்களுக்குக் களி கிண்டுவதும் பாட்டில் கழுவுவதும்தான் அக்காவின் வேலை. ஏழு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த வருடம்தான் அலுவலகத்தில் மேசை மேசையாக நகர ஆரம்பித்திருந்தது. காலையில் வீட்டில் குழம்பு வைத்துவிட்டு வருவார். கையில் லேசாக மீன் வாடை இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாவைத் தொடுவார், என் கண்ணால் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் பக்கத்தில் வந்தால் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். யாருக்கும் தெரியாமல் செய்வதாக நினைப்பு.

மூச்சை அடக்க வேண்டிய ஆள் இன்னொருவர் இருந்தார். என் கைடு.

மயக்கிய ஈக்களை வெள்ளை ஓட்டில் கொட்டி, சின்னத் தூரிகையால் ஆண், பெண் என்று தள்ளிப் பிரிப்போம். அந்தத் தூரிகையின் பின்முனையால் அவர் காது குடைவார். குடைந்து, பார்த்து, வேட்டியில் துடைத்துவிட்டு, அதே தூரிகையை என்னிடம் நீட்டுவார். வேண்டாத ஈக்களைக் கொல்ல எண்ணெய் ஊற்றிய கிண்ணம் ஒன்று மேசையில் இருக்கும். செத்த ஈ அதில் கறுப்பாக மிதக்கும். அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஓமப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்பார். ஈக்களை ஒரே சூட்டில் வைக்க ஓர் எந்திரப் பெட்டி உண்டு. அது கெட்டு வருடக் கணக்காகியிருந்தது. அவருடைய சாப்பாட்டுத் தூக்குவாளியும் பழைய விடைத்தாள்களும் அதற்குள் இருந்தன. கரப்பான்பூச்சியும் இருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை சொல்லப்போனால் எளிது. ஆய்வறையில் ஒரு பழைய ஈ வம்சம் இருந்தது. எனக்கு முந்தின தலைமுறையில் யாரோ வெளியூர் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பாட்டிலை விட்டு அது வெளி உலகைப் பார்த்ததேயில்லை. அதை ஆற்றங்கரை ஈயோடு கலக்க வேண்டும், பேரப்பிள்ளைகள் வரை எண்ண வேண்டும், இறக்கையிலும் கண் நிறத்திலும் என்ன மாறுகிறது என்று எழுத வேண்டும்.

கலப்பதில் கைடுக்கு ஒரு முறை இருந்தது. அவருடைய கைடும் அப்படித்தான் செய்தாராம். ஆணை வெளியே பிடி, பெண்ணைப் பழைய வம்சத்தில் எடு. காரணமும் இல்லாமலில்லை. வெளியே பிடிக்கும் பெண் ஈ ஏற்கெனவே கூடியிருக்கும். அந்த விந்தை நாட்கணக்கில் வயிற்றுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறக்கும் பிள்ளைக்கு யார் தகப்பன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பாட்டிலில் வளர்ந்த பெண்ணென்றால் விடிந்ததும் பாட்டிலைக் காலி செய்து, மதியத்துக்குள் புதிதாகப் பிறந்தவற்றைப் பிரித்துவிட்டால் போதும். அதைக் கன்னி எடுப்பது என்போம். கைடு அதை வைத்துச் சொல்லாத ஆபாசம் கிடையாது. "மாப்பிள்ளய வெளிய எடு, பொண்ண வீட்டுக்குள்ள எடு. நம்ம சாதிசனம் செய்யுத மாரிதான்" என்று பல் குத்திக்கொண்டே சிரிப்பார். ஓட்டிலுள்ள ஈக்களை எண்ணுவதுபோல நான் குனிந்துகொள்வேன்.

ஆற்றங்கரையில் கொக்கிரகுளத்தை ஒட்டிய வாழைத்தோட்டத்தில் பிசைந்த பழம் போட்ட பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டு ஈ பிடித்தேன். ஆண்களைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டேன். கூட வந்த பெண்களைத் தனிப் பாட்டிலில் விட்டேன். அவற்றின் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எந்த இனம் என்று உறுதி செய்ய முடியும். அந்தப் பாட்டில்கள் அதன்பின் ஓர் ஓரத்தில் தம் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தன.

முதல் கலப்பு மார்கழியில் நடந்தது. அக்கா கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர், அங்கே அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் பொங்கல் கழித்துத்தான் வந்தார். அத்தனை நாளும் களியை நான்தான் கிண்டினேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கிண்டினேன். கலப்பில் பிறந்த மகள்களில் பாதிக்கு மேல் முட்டை வைத்தன. கைடுக்குச் சந்தோஷம். இன்னும் நிறைய எண்ணிக்கை வேண்டும், திரும்பச் செய் என்றார்.

மாசியில் திரும்பச் செய்தேன். மகள் ஈக்கள் பிறந்தன. சிவந்த கண், நேரான இறக்கை, ஒரு குறையும் இல்லை. ஆனால் முட்டை இல்லை. களியின் மேற்பரப்பு துடைத்து வைத்த தட்டுபோல வெறுமையாக இருந்தது. பங்குனியில் இன்னொரு முறை, சித்திரையில் இன்னொரு முறை. ஒரு முட்டை கிடையாது. ஊசியால் வயிற்றைக் கிழித்து உருப்பெருக்கியில் பார்த்தேன். திராட்சைக் குலைபோலப் பருத்திருக்க வேண்டிய சூலகம் இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் இருந்தன. ஆய்வேடு ஒப்படைக்க ஆடி கடைசி கெடு.

கைடு ஓமப்பொடியை மென்றுகொண்டே கேட்டார்.

"மார்கழில வச்சுச்சு. இப்பம் ஏன் வைக்க மாட்டேங்கு? என்னம்மா மாறிச்சு?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இத்தனை வருடமாக என் தொண்டையில் நிற்கிறது. அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"மார்கழில நான் களி கிண்டினேன் சார். அதுக்குப் பெறகு அக்கா கிண்டுதாங்க."

கைடு மெல்லுவதை நிறுத்தினார். "அதான பாத்தேன். மீன் நாறுத கையோட மாவத் தொட்டா வெளங்குமா?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அழுகின பழத்தில் பிறந்து, அழுகின பழத்தைத் தின்று, அதிலேயே சாகிற ஈ மீன் வாடைக்கு முகம் சுளித்துப் பிள்ளை பெறாமல் இருந்துவிட்டதாம்! பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். நான் சிரிக்கவில்லை. கேட்டதும் எனக்கு அது சரியென்றே பட்டது. ஏனென்றால் அந்த வாடை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அருவருப்பானது எதையும் கெடுக்கும் என்று எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே சோற்றோடு ஊட்டியிருந்தார்கள்.

மறுநாள் கைடு ஒரு தாளை நீட்டினார். ஈக்களின் உணவு தயாரிப்பில் சுகாதாரக் குறைவு இருப்பதாகவும், அதனால் ஆய்வு தோல்வியடைந்ததாகவும், ஆய்வு மாணவி புகார் செய்வதாக எழுதியிருந்தது. நான் படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் நிரந்தரமாக்கும் ஃபைலுக்குள் போயிற்று. பதினைந்தே நாளில் அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

கடைசி நாளும் அக்கா பாட்டில் கழுவினார். நான் கன்னி எடுத்துக்கொண்டிருந்தேன். கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் மேசைக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றார். அந்த இரண்டடியை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கட்டா பிள்ள? நான் கிண்டுன களியத்தான அந்தப் பழைய ஈயும் திங்கு. வாழத் தோட்டத்துல புடிச்ச ஈயும் அதத்தான திங்கு. ரெண்டும் பொரிச்சுத் தள்ளுது, பாட்டிலு கழுவி எனக்கு மாளல. ரெண்டயும் சேத்துவிட்டுப் பொறந்தது மட்டும் முட்ட வைக்கலன்னா அது எங் கையா?"

நான் ஈக்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஓர் ஆய்வில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் கேட்டார், முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவளுக்குத் தோன்றவில்லை.

"சார் சொன்னாங்கக்கா" என்றேன்.

"சரி பிள்ள" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அக்காவின் இடத்துக்குக் கைடின் சொந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அவருக்குக் களி கிண்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆகவே நானே கிண்டினேன். வைகாசி வெயிலில், மேலே கல்நார் ஓடு, கீழே ஸ்டவ், கையில் ரப்பர் உறை. பாட்டில்களை இருமுறை வேகவைத்தேன். அதில் மீன் வாடை மருந்துக்கும் கிடையாது. மகள் ஈக்கள் பிறந்தன, ஒரு முட்டையும் வைக்கவில்லை.

எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. கையை உறையிலிருந்து உருவியபோது வியர்வையில் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என் கை என்றே தோன்றவில்லை. கைடிடம் போய் உணவு காரணமில்லை என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நான் சொல்லவில்லை. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பழைய வம்சத்துப் பாட்டில்களில் செள்ளுப் பிடித்துவிட்டது. ஈயின் கழுத்திலும் காலிடுக்கிலும் வெளுத்த பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு ஊரும். பார்த்த அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. தேறிய பாட்டிலில் கன்னிப் பெண் போதவில்லை, ஆண்கள் மட்டும் கொஞ்சம் இருந்தன. ஓரத்தில் கிடந்த வாழைத்தோட்டத்து ஈக்களின் பாட்டிலில் அன்று காலை பெண்கள் ஏராளமாகப் பிறந்திருந்தன. நாள் வீணாகிறதே என்று மாற்றிக் கலந்தேன். பெண் ஆற்றங்கரையிலிருந்து, ஆண் பழைய வம்சத்திலிருந்து. கைடின் முறைக்கு நேர் தலைகீழ்.

அதில் பிறந்த மகள்கள் முட்டை வைத்தன. கொஞ்சமல்ல, களியின் மேல் ரவையைத் தூவினதுபோல வைத்தன. அதே களி, அதே வெயில், அதே இரண்டு வம்சம். அம்மா யார் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். என் மூக்குக்கு முன்னால் நடந்தது பல வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்து எழுதிவிட்ட சங்கதி. ஈயின் குரோமோசோமில் சில மரபணுக்கள் ஓரிடத்தில் அடங்கி இருக்காது. தன்னைத்தானே வெட்டிக்கொண்டு இன்னோரிடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். செருகிய இடத்திலிருந்த நல்ல மரபணு நாசமாகும். அப்படியொரு தாவும் மரபணு வெளி உலகத்து ஈக்களுக்குள் சமீபத்தில்தான் புகுந்து பரவியிருந்தது. அதற்கு முன்பே பிடித்து பாட்டிலில் அடைத்த பழைய வம்சங்களில் அது கிடையாது. தகப்பனிடம் அது இருந்து, தாயிடம் இல்லாவிட்டால், மகளின் சூலகம் உருவாகும்போதே அது கண்டபடி தாவிச் சூலகத்தை அழித்துவிடும். தாயிடமும் இருந்தால் ஒன்றும் ஆகாது. இன்னொன்றும் எழுதியிருந்தது. வெயில் கூடக்கூட நாசம் கூடும், குளிர்ச்சியில் மகள்கள் ஓரளவு தப்பிக்கும்.

மார்கழிக் குளிர். அக்கா ஊருக்குப் போயிருந்தது ஈக்களுக்குத் தெரியாது, பனி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கெட்டுப்போன எந்திரப் பெட்டி ஓடியிருந்தால்கூடப் பாதி தப்பித்திருக்கும். அதற்குள்தான் கைடின் தயிர்ச்சாதம் இருந்ததே.

தாய் ஈ முட்டைக்குள் எதை வைத்து அனுப்பி மகளைக் காப்பாற்றுகிறது என்று அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. விடை வந்தபோது நான் வேறோர் ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அது பொடிப்பொடியான ஆர்.என்.ஏ. நறுக்குகள். ஒவ்வொன்றும் முப்பது எழுத்துக்கு உட்பட்டது. தாவும் மரபணுவின் வாசகத்தில் ஒரு துண்டு அதில் இருக்கும். ஒரு புரதம் அந்த நறுக்கை வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்த வாசகம் தலைகாட்டினால் வெட்டிப்போடும். வெட்டிய துண்டிலிருந்து புது நறுக்குகள் உண்டாகும். உறைமோர் மாதிரித்தான். அம்மா ஒரு கரண்டி கொடுத்துவிட்டால் மகள் வீட்டில் சட்டி சட்டியாகத் தயிராகும். தகப்பனின் விந்தில் அந்த ஒரு கரண்டி வராது.

இந்த நறுக்குகள் தயாராகும் இடத்தைப் பற்றியும் வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். குரோமோசோமில் சில இடங்கள் சரியான குப்பைமேடு. எந்தக் காலத்திலோ வந்து தாவி, உடைந்து, செத்துப்போன மரபணுக்களின் மிச்சமெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். ஈ அதை அருவருத்துக் கழுவி எறிந்துவிடுவதில்லை. அந்தக் குப்பையைப் படியெடுத்து, நறுக்கித்தான் தன் காவலைத் தயாரிக்கிறது. இதை எழுதும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கும். பிள்ளைகள் நான் தங்கள் மேல் கோபப்படுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

மதுரையிலிருந்து வந்ததும் கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி எடுத்துவந்த குறிப்புகளைக் காட்டினேன். அவர் கடைசி வரை படித்தார். அவர் முட்டாளில்லை, புரிந்துகொண்டார். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

"இத எழுதினா, இதுக்கு முன்னால என்கிட்ட படிச்சவனெல்லாம் என்னத்தச் செஞ்சான்னு கேப்பான். எல்லாரும் இப்படித்தான கலந்தான்? வேண்டாம்மா. முட்ட வச்சத மட்டும் எழுது. மொதல்ல வைக்காததுக்குச் சாப்பாட்டுக் கோளாறுன்னு ஒரு வரி போட்டுரு. அதான் எழுத்துல இருக்குல்லா."

எழுத்தில் இருந்தது. என் கையெழுத்தோடு இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சோறு வடித்துக் கொடுத்தவளே நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கோயில் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டியை மூடிப் பின்னால் தள்ளிவிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். இரண்டு முறை கழுவினார். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தார்.

"உங்க கை இல்லக்கா. ஈக்குள்ளேயே உள்ள சமாச்சாரம். மாத்திக் கலந்தேன், முட்ட வச்சிட்டு" என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் பிள்ள. இப்பம் ஒனக்குத் தெரிஞ்சதுல சந்தோசம்" என்றார். கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். "அத ஒரு காயிதத்துல எழுதித் தாரியா? ஃபைலு இன்னும் மூடலயாம். அந்த கிளார்க்கு அண்ணாச்சி சொன்னாவ. ஒன் கையெழுத்து இருந்தா போதும்."

ஆய்வேட்டில் இன்னும் கைடு கையெழுத்துப் போடவில்லை. வாய்மொழித் தேர்வான வைவாவும் முடியவில்லை. "வைவா முடிஞ்சதும் எழுதித் தாரேன்க்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். கேலியாகக்கூட இல்லை. "முட்ட வைக்காத ஈக்கு ஒடனே எழுதிட்டே. வச்ச ஈக்கு நாளு பாக்கணுமோ?"

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லியும் பயனில்லை. அவர் கைமேல் சொன்ன பழி பொய் என்று சொல்லப் போனவள் அவர் போட்ட காப்பியைக் குடிக்கவில்லை. டம்ளரை வாய் வரை கொண்டுபோனேன். வாடை வந்தது, அல்லது வந்ததாக எனக்குத் தோன்றியது. கீழே வைத்துவிட்டேன். அக்கா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்.

வைவா ஆவணியில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"ஆண் வெளியிலிருந்து எடுத்தபோது மகள்களுக்கு முட்டை இல்லை. பெண் வெளியிலிருந்து எடுத்தபோது இருக்கிறது. முதலாவது ஏன் தோற்றது?"

கைடு தூரிகையால் காது குடைந்துகொண்டிருந்தார். தேர்வாளர் எனக்காகக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் படித்தது அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது.

"உணவுத் தயாரிப்பில் குறை இருந்தது சார். பிறகு சரி செய்துவிட்டோம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்றே இன்றும் நினைக்கிறேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, என் ஆய்வு சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார். எல்லாருக்கும் வடையும் அல்வாவும் கொடுத்தோம்.

அந்தத் தாளை நான் எழுதவில்லை. வைவா முடிந்ததும், பட்டம் கைக்கு வந்ததும், வேலை கிடைத்ததும் என்று தள்ளிக்கொண்டே போனேன். இதற்குள் அக்காவின் இடத்தில் இருந்தவரை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துப் பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் ஊருக்குப் போக நின்றுகொண்டிருந்தேன், நல்ல பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. அவர்தான் முதலில் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார். இளைத்திருந்தார். எங்கோ ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார். கையில் மீன் மார்க்கெட்டிலிருந்து வந்த ஒயர்க்கூடை, அதன் அடியிலிருந்து நீர் சொட்டியது.

"பட்டம் வாங்கிட்டியா பிள்ள?"

"வாங்கிட்டேன்க்கா."

"நல்லாயிரு."

தாளைப் பற்றி அவர் கேட்கவில்லை. என் பஸ் வரும் வரை கூடவே நின்றார். நின்றவர் கூடையை ஒருமுறை குனிந்து பார்த்தார், என் சேலையைப் பார்த்தார், கூடையை என் பக்கத்துக் கையிலிருந்து அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.